பூஞ்சை பிடித்த தக்காளி, வெடித்த பீர் பாட்டில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்

கேள்வி: முடிந்தவரை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்ள ஆரம்பித்திருக்கிறேன். தோட்டத்துத் தக்காளியையும் கேரட்டையும் வெட்டி, டிரையரில் கையேடு சொன்ன நேரத்துக்குக் காயவைத்தேன். தொட்டால் நன்றாகக் காய்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் ஜாடியில் அடைத்த சில வாரங்களில் தக்காளியில் பூஞ்சை வந்துவிட்டது. கெட்டதை எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாமா? இன்னொன்று, பீரை இரண்டு வாரம் புளிக்கவிட்ட பிறகுதான் பாட்டிலில் அடைத்தேன். அப்படியும் ஒரு பாட்டில் வெடித்துவிட்டது. மற்றவற்றை என்ன செய்வது?

பதில்: முதலில் பாட்டில்களைக் கவனியுங்கள், தக்காளி காத்திருக்கும். ஒன்று வெடித்தது என்றால், கூடவே நிரப்பிய மற்றவையும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டுதான் நீங்களும் போக வேண்டும். பாட்டில்கள் மேல் கனமான துணியைப் போர்த்தி, அசைக்காமல் குலுக்காமல் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். குளிரில் ஈஸ்ட் மந்தமாகிவிடும், வாயுவும் பீரில் கூடுதலாகக் கரையும், அதனால் அழுத்தம் இறங்கும். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் துணியால் சுற்றி, மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். பாதி பீர் நுரையாகப் பொங்கி வீணானாலும் பரவாயில்லை, கண்ணைவிட அது பெரிதில்லை.

சரி, ஏன் வெடித்தது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் எடைக்கணக்கில் ஏறக்குறைய பாதிப்பாதியாகத் தருகிறது. பாட்டிலில் அடைக்கும்போது நுரைக்காக லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்ப்போம். அந்த வாயுவைச் சாதாரண பீர் பாட்டில் தாங்கும். தொட்டியிலேயே தீர்ந்திருக்க வேண்டிய சர்க்கரையும் மிச்சமிருந்து பாட்டிலுக்குள் போனால்தான் ஆபத்து. இரண்டு வாரம் என்பது பொதுவான ஒரு கணக்கு. அறை குளிர்ந்தாலோ, ஈஸ்ட் பழையதாக இருந்தாலோ அதற்குள் வேலை முடியாது.

முடிந்ததா என்பதைத் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் சொல்லும். சர்க்கரை கூடுதலாக இருந்தால் எண்ணும் கூடும். தண்ணீரின் அடர்த்தி அதில் 1.000 என்று காட்டும். சாதாரண பீருக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு 1.045, 1.050 என்று தொடங்கி, புளித்து முடியும்போது 1.010 பக்கத்தில் வந்து நிற்கும். எங்கே நிற்கும் என்பது மால்ட்டையும் ஈஸ்ட்டையும் பொறுத்தது, ஆனால் ஓரிடத்தில் நின்றே ஆக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து அளந்தும் எண் மாறவில்லை என்றால் அடைக்கலாம். 1.010-இல் நிற்க வேண்டியதை 1.015-இலேயே அடைத்தால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளே மிஞ்சியிருக்கும். அதோடு நுரைக்கான சர்க்கரையும் சேர்ந்தால் பாட்டிலுக்குள் உருவாகும் வாயு இருமடங்குக்கும் மேல். எவ்வளவு தடித்த கண்ணாடி என்றாலும் இதை நம்பி வைக்கக் கூடாது. பீர் புளிப்பாகவோ விநோதமாகவோ ருசித்தால், சரியாகச் சுத்தம் செய்யாத பாட்டில்களில் வேறு கிருமி புகுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்புறம், வீட்டில் மது தயாரிப்பது சில இடங்களில் தடை, சில இடங்களில் அனுமதி. உங்கள் பகுதிச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தக்காளி. பூஞ்சை பிடித்த ஜாடியில் எதையும் மீட்கப் பார்க்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை ஒரு பகுதிதான். அதன் இழைகளும் வித்துகளும் ஜாடி முழுக்கப் பரவியிருக்கும். சில பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு சமைத்தாலும் போகாது.

தொட்டுப் பார்த்தது உங்களை ஏமாற்றியதில் வியப்பில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் துண்டின் மேற்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இருக்காது. கைக்கு உலர்ந்ததாகத் தெரியும், நடுவில் தண்ணீர் இருக்கும். ஜாடியில் அடைத்ததும் அந்த ஈரம் மெல்ல வெளியே பரவும். பெரும்பாலான பாக்டீரியாக்களைவிடக் குறைந்த ஈரத்திலேயே பூஞ்சை வளரும் என்பதால், அரைகுறையாகக் காய்ந்ததில் முதலில் தலைகாட்டுவதும் அதுதான். டிரையரை 57 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள். துண்டுகள் 5, 6 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே சீராக இருக்கட்டும். தக்காளியின் தோல் ஈரத்தை விடாது, அதனால் வெட்டிய பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள்.

எப்போது நிறுத்துவது? பீரில் இரண்டு வாரத்தை நம்பியது போலவே, இங்கே கையேட்டின் நேரத்தை நம்பியதுதான் தவறு. இரண்டிலும் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், டிரையருக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது சமையலறைத் தராசு. காயவைக்கும் முன் வெட்டிய துண்டுகளை எடை போட்டு எழுதி வையுங்கள். தக்காளியில் ஏறத்தாழ 94 சதவீதம் தண்ணீர். ஆக ஒரு கிலோவில் தண்ணீர் போக மிஞ்சுவது 60 கிராம்தான். காய்கறி வற்றலில் ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அப்படியானால் கடைசி எடை 67 கிராம் அளவில் இருக்க வேண்டும். ஒரு கிலோ சுருங்கி 100 கிராம் ஆகிவிட்டால் காய்ந்து முடிந்ததாகத்தான் தோன்றும். ஆனால் அந்த 100 கிராமில் 40 கிராம் இன்னும் தண்ணீர்! கேரட்டில் தண்ணீர் சுமார் 88 சதவீதம், அதனால் கிலோவுக்கு 133 கிராம் பக்கம் வரும். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் மாறும் என்பதால், இலக்கை நெருங்கியதும் ஒரு மணி நேர இடைவெளியில் மீண்டும் எடை போடுங்கள். இன்னும் குறைகிறது என்றால் இன்னும் காய்கிறது என்று பொருள். ஒடித்துப் பார்ப்பதானால் ஆறிய பிறகு பாருங்கள், சூட்டில் எல்லாமே வளையும். ஆப்பிள் போன்ற பழங்களுக்கு 20 சதவீத ஈரம் வரை சரி. அவை ஒடியாது, தோல் போல வளையும்.

காய்ந்ததும் நேரே அலமாரிக்கு அனுப்பிவிடாதீர்கள். கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தளர்வாகப் போட்டு மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தினமும் குலுக்குங்கள். ஒரு துண்டில் கூடுதலாக இருக்கும் ஈரம் மற்றவற்றுக்கும் சீராகப் பரவிவிடும். கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் உடனே டிரையருக்குத் திருப்புங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். இதை மட்டும் செய்திருந்தாலே உங்கள் தக்காளி பிழைத்திருக்கும்.

கேரட் ஜாடியையும் இன்றே திறந்து பாருங்கள். வாடை இல்லாமல், மூடியின் உட்புறம் உலர்ந்து, துண்டுகள் சட்டென்று ஒடிந்தால் வைத்துக்கொள்ளலாம். இத்தனை வாரம் கழித்தும் வளைகிறது என்றால் திரும்பக் காயவைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.