கிராவிட்டி ஃபால்ஸுக்கு மூன்றாவது சீசன் ஏன் இல்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த லீவில் டிஸ்னியின் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ கார்ட்டூன் தொடர் மொத்தத்தையும் பார்த்து முடித்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து நானும். இரண்டே சீசன்தான் என்று தெரிந்ததிலிருந்து ஒரே கோபம். ‘சிம்ப்சன்ஸ்’ 1989-லிருந்து ஓடுகிறதே, இதை மட்டும் ஏன் நிறுத்தினார்கள் என்கிறாள். டிஸ்னிக்காரன் மூடிவிட்டான் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

சரியில்லை. இந்த ஒரு விஷயத்தில் டிஸ்னி மேல் பழி போட முடியாது. தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷே 2015 நவம்பரில் எழுதிவிட்டார்: யாரும் ரத்து செய்யவில்லை, முடிப்பது என் விருப்பம், இதற்கு ஒரு முடிவு உண்டு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன் என்று. 2016 பிப்ரவரி 15 அன்று கடைசி எபிசோடு வந்தது. மொத்தம் 40.

ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. அமெரிக்காவில் நிறைய கார்ட்டூன்கள் பணக் கணக்கில்தான் நின்றுபோயின. டிஸ்னி சேனலில் 65 எபிசோடு ஆனால் போதும் என்று ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஐந்து நாள் வீதம் பதின்மூன்று வாரத்துக்கு வரும், அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம், அப்புறம் புதிதாகச் செலவு எதற்கு? ‘கிம் பாஸிபிள்’ அப்படி 2005-ல் முடிந்து, ரசிகர்கள் விடாமல் கேட்டதால்தான் 2007-ல் இன்னொரு சீசன் கிடைத்தது. ‘யங் ஜஸ்டிஸ்’ இதைவிடப் பரிதாபம். பார்க்க ஆள் இருந்தார்கள், பொம்மைதான் விற்கவில்லை. பொம்மைக் கம்பெனியின் பணம் நின்றது, 2013-ல் தொடரும் நின்றது. (2019-ல் திரும்ப வந்தது, அது வேறு கதை.)

‘கிராவிட்டி ஃபால்ஸ்’ விஷயத்துக்கு வருகிறேன், தொடரைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். பார்ட் சிம்ப்சனுக்கு இன்றைக்கும் பத்து வயதுதான், அந்த ஊரில் காலண்டர் தேதி கிழிப்பதே இல்லை. இங்கே கதையே ஒரு கோடை விடுமுறை. டிப்பரும் மேபெலும் இரட்டைப் பிள்ளைகள், பன்னிரண்டு வயது, ஓரிகன் காட்டுப்பக்கம் இருக்கிற ஸ்டான் தாத்தா வீட்டுக்கு வருகிறார்கள், ஆகஸ்ட் கடைசியில் பதின்மூன்று பிறக்கும்போது பஸ் ஏறி ஊருக்குத் திரும்பியாக வேண்டும். (ஹிர்ஷுக்கும் ஒரு இரட்டைச் சகோதரி உண்டு, மேபெல் அவரைப் பார்த்து எழுதப்பட்டவள்தான்.)

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காட்சி வருகிறதே, உங்கள் மகளுக்கு நினைவிருக்கும். டிப்பர் தன்னோடு ஊருக்கு வராமல் ஸ்டானின் சகோதரர் ஃபோர்டிடம் வேலை கற்றுக்கொள்ள அங்கேயே தங்கப் போகிறான் என்று தெரிந்ததும் மேபெல் காட்டுக்குள் ஓடிப்போய் அழுகிறாள். இந்தக் கோடை இன்னும் கொஞ்ச நாள் நீளக் கூடாதா என்பதுதான் அவள் கேட்பது. நீட்டித் தருகிறேன், பையில் இருக்கிற அந்தச் சின்னப் பொருளை மட்டும் கொடு என்கிறான் காலப்பயணி பிளெண்டின். கொடுத்துவிடுகிறாள். பிளெண்டின் உடம்புக்குள் இருந்து பேசியது தொடரின் வில்லன் பில் சைஃபர்! அவன் அதை உடைத்ததும் வானம் கிழிகிறது, ஊர் நாசமாகிறது, மேபெல் மட்டும் கோடை முடியவே முடியாத ஒரு குமிழிக்குள் சொகுசாக அடைபட்டுக் கிடக்கிறாள். மூன்றாவது சீசன் வேண்டும் என்று நாம் கேட்பதும் இதேதான் இல்லையா? இப்படி ஒரு எபிசோடை எழுதி முடித்த ஆள் அப்புறம் போய் அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை என்று இழுத்திருந்தால் எனக்குத்தான் கோபம் வந்திருக்கும்.

உழைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாற்பது எபிசோடுக்குக் கிட்டத்தட்ட நான்கு வருடம். கதையை மேய்ப்பதோடு ஸ்டான், சூஸ், பில் மூன்று பேருக்கும் குரல் ஹிர்ஷேதான். ஃபோர்ட் வேறு உலகத்திலிருந்து ஒரு கதவு வழியாக வெளியே வந்து நின்றது 2015 மார்ச்சில், அடுத்த எபிசோடு ஜூலையில்! நீங்கள் ஒரே லீவில் பார்த்துவிட்டீர்கள், அன்றைக்குப் பார்த்தவர்கள் நான்கு மாதம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

முடிவு அப்பழுக்கில்லாதது என்று சொல்ல மாட்டேன். மனதுக்குள் புகுந்த பில்லை ஒழிக்க ஸ்டான் தன் நினைவையே அழிக்க விடுகிறார், அவ்வளவு பெரிய தியாகம், மேபெலின் ஆல்பத்தைப் புரட்டிக் காட்டியதும் சில நிமிடங்களில் நினைவு திரும்பத் தொடங்கிவிடுகிறது. குழந்தைகள் பார்க்கும் தொடர் என்பதால் தைரியம் போதவில்லை போல. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

மகளுக்கு ஆறவில்லை என்றால் 2016-ல் வந்த ‘ஜர்னல் 3’ புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், தொடரில் டிப்பர் கண்டெடுக்கும் அந்த நோட்டுப் புத்தகமேதான். 2024-ல் பில் சைஃபர் பேரில் ஒன்று வந்தது, அது பெரியவர்களுக்கானது, முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து ‘அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்’ போட்டுக் காட்டலாம். மூன்று சீசன், 61 எபிசோடு. அதுவும் முடிந்துவிடும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.