சங்கத்துக்குக் கொடுத்த பணம் வரியில் கழியுமா?

கேள்வி: காசிமேட்டில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். கருவாடு காயவைக்கும் பெண்களுக்கு ஒரு தளமும் விற்பனைக் கொட்டகையும் கட்டுகிறோம் என்று எங்கள் பகுதிச் சங்கத்தார் கேட்டதால், 2025 டிசம்பரில் ஒரே நாளில் ரொக்கமாக 40,000, செயலாளர் நம்பருக்கு ஜிபேயில் 60,000, அப்புறம் 20,000 ரூபாய்க்கு சிமெண்ட் மூட்டை கொடுத்தேன். கொட்டகை முகப்பில் என் கடைப் பெயர் எழுதியிருக்கிறார்கள். "முழுசும் வரியில கழிஞ்சிடும்" என்றார்கள். ஆடிட்டரோ ஒரு பைசா வராது என்கிறார். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் மச்சான் அங்கே பாதி திரும்ப வரும் என்கிறான். வருட லாபம் சுமார் 14 லட்சம். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை, ஆனால் அது அவர் ஊர்ச் சட்டம். அந்த மாநிலத்தில் அரசு அனுமதித்த உள்ளூர் மேம்பாட்டு அமைப்புக்கு 1,000 டாலராவது கொடுத்தால், கொடுத்ததில் பாதியைக் கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். நன்கொடைக்குச் சலுகை தரும் நம்மூர் வருமான வரிச் சட்டப் பிரிவு 80ஜி அப்படியில்லை. இங்கே கழிப்பது வருமானத்தில், வரியில் அல்ல. அதுவும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம்தான், அதற்கும் மேல் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். சிமெண்ட் மூட்டை பொருள், பணமில்லை, அதனால் 80ஜியில் சேராது. ரொக்கத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் சேராது, ஆக அந்த 40,000 போயிற்று. மிச்சம் ஜிபே 60,000. அது சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போகாமல் செயலாளர் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய ரசீதில் "80ஜி உண்டு" என்று ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதே தவிர, வருமான வரித் துறை கொடுத்த அங்கீகார எண்ணும் இல்லை, சங்கத்தின் பான் நம்பரும் இல்லை. சங்கப் பதிவு வேறு, 80ஜி அங்கீகாரம் வேறு. பதிவு அலுவலகத்தில் சொசைட்டியாகப் பதிந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நிறைய செயலாளர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள், ஏமாற்றுகிறார் என்று உடனே சண்டைக்குப் போகவேண்டாம். அங்கீகாரம் உள்ள அமைப்பு, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கை 10பிடி படிவத்தில் துறைக்குக் கொடுத்துவிட்டு, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தரும். 2025-26க்கு அதற்கான கடைசி நாள் 2026 மே 31. அதைக் கேளுங்கள், இல்லையென்றால் பேச்சு அதோடு முடிந்தது.

முழுசும் கழியும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 35ஏசி என்று ஒரு பிரிவு இருந்தது, அங்கீகாரம் பெற்ற சமூக, பொருளாதாரத் திட்டங்களுக்குக் கொடுத்தால் நூறு சதவீதம் கழியும். 2017 ஏப்ரல் 1 முதல் கொடுத்த பணத்துக்கு அது இல்லை. பழைய பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, 10பிஇ கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 80ஜியே கிடையாது, பழைய முறைக்குப் போகவேண்டும். 14 லட்சத்துக்குப் புதிய முறையில் செஸ்ஸோடு 93,600 ரூபாய். பழைய முறையில், வேறு கழிவு எதுவும் இல்லையென்றால், 2,41,800. உங்கள் 60,000இல் பாதி, 30,000 கழிந்து மிச்சமாவது 9,360. ஒன்பதாயிரத்துக்காக ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்களா? மேலும் தொழில் வருமானம் உள்ளவர் 10-ஐஇஏ படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போய்விட்டு ஒருமுறை புதியதற்குத் திரும்பினால், தொழில் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போகமுடியாது.

ஒரே ஒரு சந்து இருக்கிறது, கடைப் பெயர் எழுதிய முகப்பு. விளம்பரச் செலவு தொழில் செலவு, அது புதிய முறையிலும் கழியும். உங்கள் வாடிக்கையாளர்கள் நடமாடும் இடத்தில் பெயர் இருக்கிறது என்பது நல்ல வாதம்தான். ஆனால் பெயர் போடுவதற்காகத்தான் பணம் கொடுத்தீர்கள் என்று அப்போதே கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கவேண்டும். நன்கொடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரம் என்றால் அதிகாரி சிரிப்பார். ரொக்கம் இங்கேயும் தேறாது, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்கமாட்டார்கள். விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று 44ஏடியில் ரிட்டர்ன் போடுகிறவராக இருந்தால் தனியாக எந்தச் செலவும் காட்டமுடியாது. தயவுசெய்து பழைய தேதி போட்டு இப்போது ஒரு கடிதம் தயாரிக்காதீர்கள். பொய்க் கணக்கு பிடிபட்டால் தப்பிய வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம்.

அடுத்த தடவை இப்படி ஏதாவது கட்டுவதானால், முதலில் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நமக்கு நாமே திட்டத்தில் எடுப்பார்களா என்று கேளுங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். கட்டடமும் பெரிதாக வரும், பணமும் யார் நம்பருக்கோ போகாது. இந்த வருடத்துக்கு ஆடிட்டர் சொன்னபடியே ரிட்டர்னைப் போட்டுவிடுங்கள்.