நூல் பெட்டி ஏற்ற டெய்கான் போதுமா?

மாருதி ஈகோ வேனை விற்றுவிட்டு, நூல் பெட்டி ஏற்றப் பழைய போர்ஷே டெய்கான் மின்சாரக் காரை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஈகோவை விற்காதீர்கள். 24 கோன் (நூல் சுற்றிய கூம்பு) கொண்ட நூல் பெட்டி ஒன்றே சுமார் 45 கிலோ. அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு நடைக்கு எட்டுப் பெட்டி என்கிறீர்கள். அது 360 கிலோ. பழைய போர்ஷே டெய்கான் அந்த வேலைக்குப் பிறந்த வண்டி அல்ல.

பின் இருக்கையை மடக்கலாம் என்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். இடம் கிடைக்கும், வாய் கிடைக்காது. செடான் காரின் குறுகிய திறப்பில் கனத்த பெட்டியைக் குனிந்து தள்ள வேண்டும். ஈகோவில் பக்கக் கதவு சறுக்கித் திறக்கும், பின்கதவு மேலே எழும். சுமை தூக்குபவரின் இடுப்பையும் நினைத்துப் பாருங்கள்.

முன்பணம் கொடுக்குமுன்:

1. பெட்டியின் உயரத்தையும் டிக்கித் திறப்பின் உயரத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள்.
2. இரு வண்டிகளின் பதிவுச் சான்றிதழிலும் சுமையுடன் உள்ள எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். மிச்சம்தான் ஆட்களும் சரக்கும் சேர்ந்த வரம்பு. ஈகோவுக்கே எட்டுப் பெட்டி அதிகமாக வந்தால், இரண்டு நடையாக்குங்கள்.

நூலை லாரியில் அனுப்பிவிட்டு, கோவை விமான நிலையத்துக்கு மட்டும் ஓட்டுவதென்றால் கதை வேறு. டெய்கானின் பேட்டரி 800 வோல்ட் அமைப்பு, தகுந்த அதிவேக சார்ஜரில் விரைவாக நிரம்பும், ஓட்டமும் அருமை. ஆனால் அடிப்பாகம் தாழ்வு. உங்கள் ஊர் வேகத்தடைகளில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.