தட்டில் வளையம் விழுந்தால் போதுமா? நீலப்பச்சைப்பாசிச் சாறுகள்: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை நுண்ணுயிரியல் மாணவி): மேடம், குளத்திலிருந்து பிரித்த நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப்பாசியின் மெத்தனால் சாறு, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளர்த்த தட்டில் 14 மி.மீ. வளையம் (பாக்டீரியா வளராத வட்டம்) தருகிறது. ஈ.கோலையில் ஒன்றுமே இல்லை. இதை வைத்துக் கட்டுரை எழுதலாமா?

பதில்: அவசரப்படாதேம்மா. 14 மி.மீ.யில் 6 மி.மீ. சாறு தோய்த்து வைத்த உன் வட்டத்தாளின் அகலம். வெறும் மெத்தனால் ஊற்றி உலர்த்திய தாளையும் அதே தட்டில் வைத்தாயா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்.

ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம் பாசிட்டிவ் மட்டும் சாகிறது, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் கொழுப்பு அமிலங்கள் மேல்தான் விழவேண்டும். பால்மிட்டோலெயிக், லினோலெனிக் போன்றவை பல பாசிகளில் உண்டு, ஸ்டஃபைலோகாக்கஸை நன்றாகவே கொல்லும். சாறை 90 சதவீத மெத்தனாலில் கரைத்து, ஹெக்சேனால் மூன்று முறை குலுக்கிப் பிரி. இரண்டு பகுதியையும் தனித்தனியாகச் சோதி. செயல்பாடு முழுக்க ஹெக்சேன் பக்கம் போய்விட்டால் அநேகமாகக் கொழுப்பு அமிலம்தான். ஊடகத்தில் மாட்டு சீரம் ஆல்புமின் சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி; ஆல்புமின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வளையம் காணாமல் போகும். ஆனால் நீரை வெறுக்கும் நல்ல மருந்துகளையும் அது பிடிக்கும். அதனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதே, கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி.யில் (வாயு குரோமட்டோகிராஃபி) ஒரு முறை ஓட்டிப் பார்.

ஈ.கோலையில் வேலை செய்யாததற்கு வேறு காரணமும் இருக்கலாம். வெளிச்சவ்வு பொருளை உள்ளே விடாது, விட்டாலும் பம்புகள் வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்புகளின் வெளிவாசலைச் செய்யும் டி.ஓ.எல்.சி. மரபணு நீக்கிய ஈ.கோலை கிடைத்தால் அதில் சோதி. அதில் செத்தால் பொருளுக்கு வலு இருக்கிறது, பம்புகள் வெளியே தள்ளுவதுதான் சிக்கல் என்று அர்த்தம்.

கேள்வி (ஆய்வு மாணவர்): என் வளர்ப்பில் கூடவே பாக்டீரியாவும் இருக்கிறது. அது பெரிய குறையா?

பதில்: நுண்ணுயிர்க்கொல்லி தேடுகிறவருக்குப் பெரிய குறைதான். கொல்லியைச் செய்தது பாசியா, அதன் வழவழப்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவா என்று தெரியாமல் போகும். இந்தத் துறையில் ஆள்மாறாட்டம் புதிதில்லை. டோலாஸ்டாட்டின் 10 என்ற பொருளை 1987இல் ஒரு கடல் முயலிலிருந்து (நத்தை இனத்து மெல்லுடலி) பிரித்தார்கள். அது தின்ற நீலப்பச்சைப்பாசியிலேயே அந்தப் பொருள் இருப்பது 2001இல்தான் வெளிவந்தது.

நகரும் இழைகள் உள்ள இனமாக இருந்தால் சுலபம். 1 சதவீத அகார் தட்டின் ஒரு ஓரத்தில் வைத்து, எதிர் ஓரத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்யுங்கள். இழைகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து பாக்டீரியாவைப் பின்னால் விட்டுவிடும். முன்வரிசையில் இருப்பதை அகாரோடு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். பல சுற்று தேவைப்படும். ஆம்பிசிலின் ஊற்றிச் சுத்தம் செய்ய நினைக்காதீர்கள், பாசியும் பாக்டீரியாதான், அதுவும் போய்விடும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் ஆர்2ஏ அகாரில் தடவி ஒரு வாரம் இருட்டில் வையுங்கள்.

என்ன செய்தும் சுத்தமாகவில்லையா? கூட இருக்கும் பாக்டீரியாவைத் தனியாக வளர்த்து, அதே முறையில் சாறு எடுத்து, அதே தட்டில் வையுங்கள். பலர் விட்டுவிடுகிற கட்டுப்பாட்டுச் சோதனை இது.

கேள்வி: சாறு எடுப்பதற்கான அளவுகளைச் சொல்ல முடியுமா?

பதில்: நன்னீர் இனங்களுக்கு பி.ஜி.-11 ஊடகம். லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 1.5 கிராம், நைட்ரஜனை நிலைப்படுத்தும் நாஸ்டாக், அனபீனாவுக்கு அதை விட்டுவிடலாம். 25 முதல் 28 டிகிரி, மிதமான வெளிச்சம். வளர்ச்சி தேங்கத் தொடங்கும் சமயத்தில் அறுவடை செய்யுங்கள். லிட்டருக்கு அரை கிராம் உலர் எடை வந்தாலே திருப்திப்படலாம், அதனால் 10 லிட்டருக்குக் குறைவாகத் தொடங்கினால் பிரித்தெடுக்கும் கட்டத்தில் கையில் ஒன்றும் இருக்காது.

உறையவைத்து உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் பச்சையம் சிதைந்து ஃபியோஃபோர்பைடு உண்டாகும், வெளிச்சம் பட்டால் அதுவே பாக்டீரியாவைக் கொல்லும். உங்களுக்குப் பொய் வளையம் தயார்.

1 கிராம் பொடிக்கு 20 மி.லி. மெத்தனால். பனிக்கட்டியில் வைத்து 10 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் செல்களை உடைத்து), மையவிலக்கில் சுற்றி, தெளிந்ததை எடுங்கள். மூன்று முறை. சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்து, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மி.லி.க்கு 20 மி.கி. என்று கரைத்து மைனஸ் 20இல் வையுங்கள். கடல் இனமென்றால் உப்பும் கூடவே வரும். எத்தில் அசிட்டேட்டும் நீரும் வைத்துப் பிரித்தோ, சி18 பத்தியில் கழுவியோ உப்பை நீக்காவிட்டால் எடைக் கணக்கே பொய்.

வடிகட்டிய ஊடகத்தைக் கீழே கொட்டிவிடாதீர்கள். பாசி வெளியே விடும் பொருட்கள் அதில் இருக்கும். எக்ஸ்.ஏ.டி. பிசின் மணிகளில் பிடித்து மெத்தனாலால் கழுவி எடுக்கலாம்.

கேள்வி: வட்டத்தாளா, எம்.ஐ.சி.யா?

பதில்: எம்.ஐ.சி.தான், அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. நீரில் கரையாத பொருள் அகாரில் பரவாது, வளையம் சின்னதாக இருப்பதால் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. பாக்டீரியாவின் 0.5 மெக்ஃபார்லண்டு கலங்கலை (கலங்கல் அளவின் ஒரு தரநிலை) முல்லர்-ஹின்டன் வளர்ப்புத் திரவத்தில் 150 மடங்கு நீர்த்து, 50 மைக்ரோலிட்டரை அதே அளவு சாற்றுக் கரைசலோடு சேர்த்தால் மி.லி.க்கு 5 லட்சம் உயிரணுக்கள். கலந்த பிறகு டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பச்சை நிறத்தால் கலங்கலை அளக்க முடியாது, ரெசசூரின் சாயம் போட்டு நீலமா (வளரவில்லை) இளஞ்சிவப்பா (வளர்கிறது) என்று பாருங்கள். சாறே அதை நிறம் மாற்றலாம், ஆகவே பாக்டீரியா இல்லாத ஒரு குழியும் வேண்டும்.

என் அளவுகோல்: கச்சாச் சாறின் எம்.ஐ.சி. மி.லி.க்கு 100 மைக்ரோகிராமுக்குள், தூய பொருளுடையது 10க்குள். மி.லி.க்கு 5 மி.கி.யில் தடுத்தது என்று பெருமைப்படும் கட்டுரைகள் ஏராளம். அந்தச் செறிவில் சமையலறைக் கிராம்பும் தடுக்கும்.

கேள்வி (சுருள்பாசி வளர்ப்பவர்): மேடம், எங்கள் ஸ்பைருலினாவைக் கிருமிநாசினி என்று போட்டு விற்கலாமா?

பதில்: வேண்டாங்க. சாறின் செயல்பாடு பலவீனம், மருந்து என்று லேபிளில் போட உரிமமும் தேவை. சத்துணவாகவே விற்றுக்கொள்ளுங்கள். தொட்டியின் பி.எச். 9.5க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கினால் வேறு பாசிகள் நுழையும்.

கேள்வி: உண்மையிலேயே வலுவான பொருள் எதுவும் இல்லையா?

பதில்: இருக்கின்றன. ஃபிஷெரெல்லா என்ற நீலப்பச்சைப்பாசியின் ஆம்பிகுவைன்கள், நாஸ்டாக்கின் கார்பமிடோசைக்ளோஃபேன்கள் (இவை மருந்துக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸான எம்.ஆர்.எஸ்.ஏ.வையும் தடுப்பவை), பூஞ்சைக்கு எதிரான ஹசாலிடின்கள். 1997இல் அறிவிக்கப்பட்ட சயனோவிரின்-என் 101 அமினோ அமிலப் புரதம், எச்.ஐ.வி. உறையின் மன்னோஸ் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் இவற்றில் எதுவும் கடையில் கிடைக்கும் ஆன்டிபயாடிக் ஆகவில்லை. காரணம் பெரும்பாலும் நச்சுத்தன்மை. நீலப்பச்சைப்பாசியின் இன்னொரு பொருளான டோலிடாக்சின், பூஞ்சையின் ஆக்டினை (செல்லுக்குச் சட்டமாக இருக்கும் புரதம்) குலைக்கிறது. நம் செல்லிலும் ஆக்டின்தானே இருக்கிறது! அதே நச்சுத்தன்மைதான் டோலாஸ்டாட்டினைப் புற்றுநோய்ப் பக்கம் கொண்டுபோனது. அதை ஒட்டிச் செய்த பொருளை எதிர்ப்புரதத்தோடு இணைத்த பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனவே எம்.ஐ.சி. எடுத்த கையோடு மனிதச் செல்களிலும் சிவப்பணுக்களிலும் சோதித்துவிடுங்கள். செல்லைக் கொல்லும் செறிவு எம்.ஐ.சி.யைவிடப் பத்து மடங்காவது இருக்கட்டும்.

கேள்வி: ஏரியில் பச்சையாகப் படர்ந்திருப்பதை அள்ளி வந்து சோதிக்கலாமா?

பதில்: கையுறையோடு. அது மைக்ரோசிஸ்டிஸாக இருந்தால் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் இருக்கலாம், கொதிக்கவைத்தாலும் போகாது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இந்த நச்சு கலந்த நீர் டயாலிசிஸ் எந்திரங்களுக்குப் போய், ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்பொடியை முகக்கவசம் இல்லாமல் அரைக்கவே கூடாது.

கேள்வி: அடையாளம் தெரிந்த வளர்ப்பு எங்கே வாங்குவது?

பதில்: கடல் இனங்களுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தேசிய மையம், நன்னீர், வயல் இனங்களுக்கு டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் சேகரிப்பு. வந்த குழாயை ஜன்னலோரம் வைத்து வெளிறவிடாதீர்கள். ஒரு வாரம் மங்கலான வெளிச்சத்தில் வைத்துத் தேற்றி, பாதியை அகார் சாய்வில் சேமித்துவிட்டு, மீதியைத் திரவத்துக்கு மாற்றுங்கள்.