மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சார்,

நான் வேலூர்க்காரன். வயது 43, வங்கி வேலை. ஐந்து வருடம் முன்பு "சுகர் பார்டர்ல இருக்கு" என்று டாக்டர் சொன்னதால் ஓட ஆரம்பித்தேன், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் 10, 15 கிலோமீட்டர் டிரெயில் ரன் போவேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு ஸ்பிரிண்ட் டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியின் குறுகிய வடிவம். எல்லாவற்றிலும் கடைசிப் பத்துப் பேரில் ஒருவன், ஆனால் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பிரச்சினை எங்கள் குழுவில். ஒவ்வொருவராக ஹாஃப் அயர்ன்மேனுக்கு, அதாவது ரொம்ப நீளமான அயர்ன்மேன் டிரையத்லானில் பாதி தூரத்துக்குப் போகிறார்கள், "இன்னும் அந்தக் குட்டி டிரையத்லானையே பிடிச்சிட்டு இருக்கீங்களே" என்கிறார்கள். வீட்டில் நேர்மாறு: "இந்த வயசுல மெடல் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?" இரண்டு பக்கத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் சோம்பேறியா சார்? கடலில் நீந்த இன்னும் பயம் வேறு. நீங்களும் ஓடுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ம., வேலூர்

அன்புள்ள ம.,

கடைசிப் பத்தில் ஒருவர் என்றால் நீங்கள் எனக்கு முன்னால் போகிறவர். ஒரு போட்டியில் நான் வந்து சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் காற்றடைத்து நிறுத்தியிருந்த வளைவை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அது பாதி சரிந்து என் தலைமேல் இறங்க, குனிந்து நுழைந்துபோய் மெடலை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்தக் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. மெதுவாக வருகிறவனுக்குத்தான் வெயில் அதிகம், அவனுக்குத்தான் தண்ணீர் முதலில் வேண்டும்.

சரி, "குட்டி" விஷயத்துக்கு வருகிறேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். இதில் எது குட்டி என்று எனக்கு விளங்கியதே இல்லை. உங்கள் நண்பர்கள் இதை ஏதோ பெரிய வகுப்புக்குப் போகும் முன் படிக்கிற எல்கேஜி மாதிரி நினைக்கிறார்கள். ஆனால் விளையாட்டு பிறந்ததே இந்த அளவில்தான். 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை சாயங்காலம், கலிஃபோர்னியாவில் சான் டியேகோவின் மிஷன் பே. உள்ளூர் ஓட்டக் குழு ஒன்று வழக்கமான பயிற்சி அலுத்துப்போய் வைத்த போட்டி, 46 பேர் வந்தார்கள். அப்போது முதலில் ஓட்டம், கடைசியில்தான் நீச்சல். இருட்டிவிட்டதால் கார் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஆட்களைக் கரையேற்றியிருக்கிறார்கள். அந்த 46 பேரில் ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் என்று ஒரு தம்பதி. அவர்கள்தான் பிறகு ஹவாய்க்குப் போய் 1978 பிப்ரவரியில் முதல் அயர்ன்மேனை நடத்தினார்கள், 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். ஆக, வேலை முடிந்த சாயங்காலத்தில் நடந்த அந்தச் சின்ன விளையாட்டுதான் மூத்தது, நீளமானது மூன்றரை வருடம் இளையது. இதைக் குழுவில் சொல்லிப் பாருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

நான் ஏன் சின்னதிலேயே நின்றுவிட்டேன் என்றால், காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு வருடம் நானும் ஹாஃபுக்குத் தயாரானேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி. ஞாயிறு காலை நாலு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளோடு கிளம்பினால் வீடு திரும்பும்போது பத்தரை, குளித்துச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வரை பிணம் மாதிரி தூக்கம், எழுந்தால் மகள் கோபமாக உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதம் இப்படியே போனது, ஒரு நாள் விட்டுவிட்டேன். இப்போது வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும். போட்டி நாளில்கூட ஒன்பது மணிக்கு வீட்டில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், முழு ஞாயிற்றுக்கிழமையும் மிச்சம் இருக்கும். எனக்கு அதுதான் கணக்கு. ஹாஃப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்தப் பசி உள்ளவர்கள் போகட்டும். உங்களுக்கு அந்தப் பசி இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மலையோட்டம் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த விஷயம். சாலையில் ஓடும்போது மனம் வாட்சிலேயே கிடக்கும். மலையில் வாட்சால் பயனில்லை. சாலையில் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் ஓடுகிற நான் ஜவ்வாது மலையில் பதினொன்று எடுப்பேன், நல்ல ஏற்றத்தில் பதினைந்து. ஏற்றத்தில் நடப்பது தோல்வி கிடையாது, நூறு கிலோமீட்டர் மலையோட்டக்காரர்களே முட்டிக்கு மேல் கையை ஊன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். இறக்கம்தான் வித்தை. ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சாமைக் காட்டை ஒட்டிய சரிவில் நான் குதிகாலை ஊன்றி ஊன்றி பிரேக் போட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துப் பொறுக்க முடியாமல், "சின்னச் சின்னதா எடுத்து வை சாமி, ஒருக்களிச்சு வை, கால் பக்கத்துல பாக்காத, நாலு எட்டு முன்னால பாரு" என்றார். அதுவரை நான் பார்த்த எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இரண்டாம் நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. எட்டின் நீளத்தைக் குறைத்தால் தொடையில் விழும் அடியும் குறையும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஊருக்கு ஊர் போகும் பாதையிலேயே ஓடுங்கள், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நமக்குத் தெரியும். மாசி, பங்குனியில் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும், நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகிறவராக இருந்தாலும் மலை ஏற்றத்தில் தீ உங்களைவிட வேகமாக ஏறும்.

கடல் பயம். அது எனக்கும் உண்டு, போகாது, போகவும் வேண்டாம். டிரையத்லானில் உயிர் போன சம்பவங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான், அதனால் உங்கள் வயதுக்கும் அந்த "பார்டர்" சுகருக்கும் முதலில் இதயத்துக்கு ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், இதில் வீரம் காட்டாதீர்கள். நீச்சலை முதலில் வைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது, களைத்த உடம்போடு தண்ணீரில் இறங்கக் கூடாது. கோவளம் பக்கம் என் முதல் கடல் நீச்சலில் யாரோ உதைத்து கண்ணாடி கழன்றது, அடியில் தரை தெரியவில்லை, மூச்சை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு இழுக்கப் பார்த்தேன். பயத்தில் எல்லோரும் செய்வது அதுதான்: காற்று உள்ளே போகாதது இல்லை, வெளியே விடாததுதான் கோளாறு. மல்லாந்து மிதந்தேன், வாயால் ஊதி ஊதி விட்டேன், அப்புறம் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் இருந்த பையனைக் கூப்பிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டேன். படகு நகராமல் நின்றால், அதைப் பிடித்து இளைப்பாற விதியே அனுமதிக்கிறது, இது பலருக்குத் தெரியாது. நீச்சல் குளத்திலேயே முதல் பகுதியை வைக்கும் போட்டிகளும் இருக்கின்றன, கடல் இல்லாததால் யாரும் உங்கள் மெடலைப் பிடுங்கப் போவதில்லை. கடலில் பழக வேண்டுமென்றால் தனியாக வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் வேண்டவே வேண்டாம், அந்தக் கரையின் மீனவர் ஒருவரிடம் கேட்காமல் இறங்கவும் வேண்டாம்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரேக் பிடித்தால் போதும். இந்த விளையாட்டில் நல்ல மனிதர்கள்கூட வீட்டில் பொய் சொல்வது சைக்கிள் விலையில்தான். ஆனால் இறங்கி ஓடும் முதல் ஐந்நூறு மீட்டர் இருக்கிறதே, கால் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரருடையது போல இருக்கும், எத்தனை தடவை ஆனாலும் எனக்கு அங்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

வீட்டுக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மெடலால் என்ன பயன் என்றால் ரிப்பன் நல்ல கெட்டி, எங்கள் வீட்டில் அரிசி மூட்டையின் வாயை அதில்தான் கட்டுகிறார்கள். நீங்கள் சோம்பேறியா என்று கேட்டிருந்தீர்கள், ஐந்து வருடமாக விடியலில் எழுகிறவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த ஏலகிரி ஓட்டத்துக்கு வீட்டில் எல்லோரையும் காரில் கூட்டிப் போங்கள். நீங்கள் ஓடி முடிப்பதற்குள் அவர்கள் தூங்கி எழுந்திருப்பார்கள், மிச்ச நாள் புங்கனூர் ஏரியில் படகு.

மழை நின்றதும், தை மாதத்தில், நானும் அந்தப் பக்கம் வருகிறேன். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு பதினாலுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்தானே, பாரி, காரி, ஓரி என்று. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் வளைவில் எனக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்குமா பார்ப்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு அடிவாரத்தில் நில்லுங்கள், முதல் லாரி ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம்.