பிரேக் பெடல் இறங்கும் மோரிஸ் மைனரை இப்போது விற்காதீர்கள்

முதலில் பிரேக்கைச் சரிசெய்யுங்கள், விற்பதைப் பிறகு யோசிக்கலாம். உங்கள் அப்பா பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த மோரிஸ் மைனர் 1000 கார், ஜெலுத்தோங் வீட்டில் ஆறு மாதம் நின்றபின் பிரேக் பெடல் மெல்ல இறங்குகிறது, விற்றுவிடலாமா என்கிறீர்கள். இந்த நிலையில் விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) ரப்பர் சீல் போயிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓடாத வண்டியில் உள்ளே துரு பிடித்து, அது ரப்பரைக் கீறிவிடும்.

இன்ஜினை அணைத்து, பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் மிதித்திருங்கள். இறங்கினால் சக்கரங்களின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் இரண்டு, ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒன்று, ஆக 6 வீல் சிலிண்டர் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் சிறு சிலிண்டர்). எங்கும் ஈரம் இல்லையா? பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர்தான். அதை பானட்டுக்குள் தேடாதீர்கள். டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. இதில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் சர்க்யூட் (எண்ணெய்ப் பாதை) என்பதால், சரியாகும்வரை தயவுசெய்து சாலையில் எடுக்காதீர்கள்.

அதன்பிறகும் விற்கத் தோன்றினால், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெயிண்டுக்கு அடியில் துருவை மறைத்த புட்டி இருக்கலாம். கிரானில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) உள்ள சேசிஸ், இன்ஜின் எண்களையும் வண்டியோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய பழைய வண்டிகள் உரிமை மாற்றச் சோதனையில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.