பாதை சரி, விடை எங்கே? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்எம்எல் கோப்பைத் (தரவைக் குறிச்சொற்களுக்குள் அடுக்கி வைக்கும் கோப்பைத்) திறப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: "எக்ஸ்பாத் எழுதினேன், பிழைச் செய்தி வரவில்லை, விடையும் வரவில்லை." எக்ஸ்பாத் என்பது அந்தக் கோப்பில் வேண்டிய பகுதியைச் சுட்டும் பாதை மொழி. எனவே இந்த முறை அந்தக் கடிதங்களுக்கே இடம் கொடுக்கிறேன். பழைய தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போடுவது என் வேலை. உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. கீழே உள்ள துண்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

<பட்டியல்>
  <அலமாரி எண்="1">
    <நூல் ஆண்டு="1887">
      <தலைப்பு>சீவக சிந்தாமணி</தலைப்பு>
      <பதிப்பாசிரியர்>உ. வே. சாமிநாதையர்</பதிப்பாசிரியர்>
    </நூல்>
    <நூல் ஆண்டு="1894">
      <தலைப்பு>புறநானூறு</தலைப்பு>
      <பதிப்பாசிரியர்>உ. வே. சாமிநாதையர்</பதிப்பாசிரியர்>
    </நூல்>
  </அலமாரி>
  <அலமாரி எண்="2">
    <நூல் ஆண்டு="1887">
      <தலைப்பு>கலித்தொகை</தலைப்பு>
      <பதிப்பாசிரியர்>சி. வை. தாமோதரம்பிள்ளை</பதிப்பாசிரியர்>
    </நூல்>
  </அலமாரி>
</பட்டியல்>

குறிச்சொற்களைத் தமிழில் வைக்கலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். 1998-ல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதியே அதை அனுமதிக்கிறது.

*

மேடம், எனக்கு ரெகெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும் முறை) நன்றாகத் தெரியும். தலைப்பை எடுக்க அதுவே போதாதா? எக்ஸ்பாத் எதற்கு?
– கல்லூரி மாணவர், திருச்சி

உங்கள் கோப்பு என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்றால் போதும். ஆனால் எக்ஸ்எம்எல் எழுதும் மென்பொருள் ஆண்டு, எண் போன்ற பண்புகளின் வரிசையை மாற்றலாம், இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை மேற்கோள் போடலாம், ஒரு குறிச்சொல்லை இரண்டு வரியாக உடைக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் எக்ஸ்எம்எல் பார்வையில் அது அதே ஆவணம்தான். ரெகெக்ஸுக்கு அது வேறு ஆவணம். யாரோ ஒரு பழைய பதிவைக் குறிப்புரைக்குள் அடைத்து வைத்திருந்தால் அதையும் உயிருள்ள பதிவு என்று நினைத்து ரெகெக்ஸ் எடுத்துவரும்.

எக்ஸ்பாத் எழுத்துகளைப் பார்ப்பதில்லை, குறிச்சொற்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைக்கும் மரத்தைப் பார்க்கிறது.

//நூல்[@ஆண்டு=1887]/தலைப்பு

எந்த ஆழத்தில் இருந்தாலும் நூல்களை எடு, அவற்றில் ஆண்டு 1887 என்று உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள், அவற்றின் நேரடிப் பிள்ளையான தலைப்பைக் கொடு. சீவக சிந்தாமணியும் கலித்தொகையும் வரும். பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு ஏறவும் முடியும். //நூல்[தலைப்பு='கலித்தொகை']/../@எண் என்று கேட்டால் அலமாரி எண் 2 கிடைக்கும். இந்த ஏறி இறங்கும் வசதிக்காகவே நான் இதை விரும்புகிறேன். ஜேம்ஸ் கிளார்க்கும் ஸ்டீவ் டிரோஸும் தொகுத்த எக்ஸ்பாத் 1.0 விதி 1999 நவம்பரில் வந்தது. அன்று எழுதிய பாதை இன்றும் அப்படியே ஓடுகிறது.

*

தமிழ் விக்கிப்பீடியாவின் முழுத் தரவுக் கோப்பை இறக்கினேன். அதில் பேஜ் என்ற குறிச்சொல் கண்ணெதிரே தெரிகிறது. இரட்டைச் சாய்கோடு போட்டுத் தேடினால் எல்எக்ஸ்எம்எல் என்ற பைத்தான் கருவி காலிப் பட்டியலைத் தருகிறது. என் கோப்பு கெட்டுவிட்டதா?
– மொழிக் கருவிகள் செய்யும் வாசகி, கோவை

கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதன் முதல் குறிச்சொல்லைப் பாருங்கள், ஓர் இணைய முகவரி போன்ற நீண்ட சரம் இருக்கும். அது நேம்ஸ்பேஸ். அந்த ஒரு வரி உள்ளே இருக்கும் எல்லாக் குறிச்சொற்களுக்கும் குடும்பப் பெயர் கொடுத்துவிடுகிறது. எக்ஸ்பாத் 1.0-ல் முன்னொட்டு இல்லாமல் எழுதிய பெயர், குடும்பப் பெயர் இல்லாத குறிச்சொல்லை மட்டுமே தேடும். அப்படி ஒன்றும் இல்லை, எனவே காலி.

தேடும்போது எல்எக்ஸ்எம்எல்லுக்கு ஒரு டிக்ஷனரி கொடுங்கள்: 'வி' என்ற முன்னொட்டு அந்த முகவரியைக் குறிக்கும் என்று. பிறகு பேஜ் என்ற பெயருக்கு முன்னால் வி: சேர்த்துத் தேடுங்கள். வந்துவிடும். முகவரியைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். விக்கி ஏற்றுமதி வடிவத்தின் எண் அதற்குள்ளேயே இருக்கிறது. 0.10 என்பது 0.11 ஆனதும் கையால் எழுதிய நிரல் மறுபடியும் சத்தமில்லாமல் காலியைத் தரும். வேர்க் கணுவின் (அதாவது முதல் குறிச்சொல்லின்) என்எஸ்மேப் என்ற பண்பிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

குடும்பப் பெயரையே பார்க்காமல் தேட லோக்கல்-நேம் என்று ஒரு குறுக்குவழி உண்டு. அவசரத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் நிரலில் நிரந்தரமாக விடாதீர்கள். இரண்டு வேறு குடும்பங்களின் 'தலைப்பு' ஒரே கோப்பில் வந்தால் இரண்டையும் கலந்துவிடும். இன்னொன்று: அவ்வளவு பெரிய கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் இட்டர்பார்ஸ் கொண்டு பக்கம் பக்கமாக வாசித்து, முடிந்த பக்கத்தைக் காலி செய்துகொண்டே போங்கள்.

*

ஒவ்வொரு நூலாகச் சுற்றி அதன் தலைப்பைக் கேட்டால், ஒவ்வொரு முறையும் எல்லா நூல்களின் தலைப்பும் வருகிறது. அதோடு, முதல் நூலை மட்டும் கேட்டால் இரண்டு வருகிறது!
– பதிப்பகத்தில் பணிபுரியும் வாசகர், சிவகாசி

இரண்டுக்கும் காரணம் அந்த இரட்டைச் சாய்கோடு. //தலைப்பு என்பது நீங்கள் எந்தக் கணுவில் நின்று கேட்டாலும் ஆவணத்தின் உச்சிக்குப் போய்த் தேடும். நிற்கும் இடத்திலிருந்து தேட முன்னால் ஒரு புள்ளி வேண்டும்: .//தலைப்பு

அப்புறம் //நூல்[1]. இது 'தன் பெற்றோரின் கீழ் முதலாவதாக உள்ள ஒவ்வொரு நூலும்' என்று பொருள்படும். நம் துண்டில் அலமாரி இரண்டு, எனவே விடையும் இரண்டு. ஆவணத்திலேயே முதல் நூல் வேண்டுமென்றால் அடைப்புக்குறி போடுங்கள்: (//நூல்)[1]

பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீயில் இதே பாதைகளைப் போட்டால் சில இடங்களில் பிழைச் செய்தி வரும். அது எக்ஸ்பாத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே புரிந்துகொள்ளும். ஆண்டு 1890-க்குக் குறைவு என்பது போன்ற ஒப்பீடே அதில் கிடையாது. எல்எக்ஸ்எம்எல்லை நிறுவிக்கொள்ளுங்கள்.

*

பதிப்பாசிரியர் 'கொ' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவுகள் பாதிதான் கிடைக்கின்றன. விடுபட்டவற்றைத் திரையில் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.
– கிளை நூலகர், தஞ்சாவூர்

ஐயா, உங்கள் கண் சரி, எக்ஸ்பாத்தும் சரி. வித்தியாசம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எக்ஸ்பாத் குறியீட்டு எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது, அதனால் அதற்கு இவை வேறு வேறு. தமிழுக்கான பழைய குறிமுறையான டிஸ்கி எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாகவே இருந்தன. அதிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்த உடைந்த வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன். கைபேசியில் புதிதாகத் தட்டச்சு செய்தவை பெரும்பாலும் ஒரே குறியீடாக வரும். இரண்டு காலத்துப் பதிவுகளும் ஒரே பட்டியலில் சேர்ந்தால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

இது குறிச்சொல்லுக்கும் பொருந்தும். <தொகுப்பு> என்ற குறிச்சொல்லே உடைந்த வடிவத்தில் இருந்தால் //தொகுப்பு ஒன்றையும் தராது.

மருந்து எளிது. கோப்பைப் பகுப்பதற்கு முன் பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் மூலம் முழு உரையையும் என்எஃப்சி வடிவத்துக்கு (உடைந்த குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவத்துக்கு) மாற்றுங்கள். தேடும் பாதையையும் அதே வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதிக் கிணறுதான். எக்ஸ்பாத் 2.0-ல் இதற்கென்றே ஒரு செயல்கூறு உண்டு, ஆனால் எல்எக்ஸ்எம்எல் அறிந்தது 1.0 மட்டும்.

என்எஃப்சி தீர்க்காத நோய் ஒன்றும் உண்டு. ஔவையார் என்ற பெயரில் முதல் எழுத்து ஒரே உயிரெழுத்து. ஆனால் பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதிவிடுகிறார்கள். கௌரியும் 'கெளரி' ஆகிவிடுகிறாள். யூனிகோடுக்கு இவை வேறு சொற்களே, எந்த வடிவ மாற்றமும் இவற்றைச் சேர்க்காது. 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒளி சிதைந்துபோகும். 'கெள'வைக் 'கௌ' ஆக்கினால் கெளுத்தி மீனுக்கும் அதே கதி. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அச்சிட்டு, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவதுதான் வழி. தமிழ் தெரிந்த நூலகர் செய்ய வேண்டிய இந்த வேலையை நிரலர்களிடம் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

*

1890-க்கு முன் வந்த நூல்கள், அந்த ஆண்டிலும் பின்னும் வந்த நூல்கள் என்று இரண்டு முறை தேடினேன். இரண்டையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை வரவில்லை. எங்கே போயின?
– ஆய்வு மாணவி, யாழ்ப்பாணம்

நல்ல பழக்கம் அம்மா, கூட்டிப் பார்த்தது. பலர் அதைச் செய்வதில்லை.

ஆண்டு என்ற பண்பை எண்ணாக மாற்ற முடியாவிட்டால் எக்ஸ்பாத் அதை 'எண் அல்ல' என்று வைத்துக்கொள்ளும். அந்த மதிப்பு எதைவிடவும் சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல, எதற்கும் சமமும் அல்ல. எனவே இரண்டு தேடலிலிருந்தும் நழுவிவிடும். நம் பழைய நூல்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. முகப்புப் பக்கத்தில் 'சர்வசித்து வருடம்' என்று மட்டும் இருக்கும். பட்டியல் போட்டவர் '1887-88' என்றோ '1887?' என்றோ எழுதியிருப்பார். சில இடங்களில் ௧௮௮௭ என்று தமிழ் எண்களிலேயே இருக்கும்.

நழுவியவற்றை இப்படிப் பிடியுங்கள்:

//நூல்[@ஆண்டு * 0 != 0]

எந்த எண்ணையும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். எண் அல்லாததைப் பெருக்கினால் எண் அல்லாததே வரும், அது பூஜ்யத்துக்குச் சமமாகாது. ஆண்டே குறிக்காத நூல்களும் இதில் அகப்படும். தமிழ் எண்களைப் பொறுத்தவரை பைத்தான் உதவும். அதன் இன்ட், ௧௮௮௭ என்பதை 1887 என்று சரியாகப் படிக்கும். ஆனால் ௲, ௱, ௰ கலந்து பழைய முறையில் எழுதியிருந்தால் படிக்காது, அதற்குத் தனியாகச் சில வரிகள் எழுத வேண்டும். சர்வசித்து போன்ற பெயர்களை மட்டும் வைத்து ஆண்டை முடிவு செய்துவிடாதீர்கள். அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை வரும். சித்திரையில் தொடங்குவதால் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் பரவும்.

*

எல்லாரும் ஜேசனுக்கு (தரவை எழுதும் இன்னொரு வடிவத்துக்கு) போய்விட்டார்கள். இதை இப்போது கற்பது வீண் இல்லையா?
– மென்பொருள் பணியாளர், சென்னை

வேர்ட் கோப்பு, இபப் மின்னூல், எஸ்விஜி படம், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு எல்லாவற்றுக்கும் உள்ளே எக்ஸ்எம்எல்தான். வேர்ட் கோப்பின் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். அதோடு ஜேசனுக்கும் பாதை வந்துவிட்டது. ஜேசன்பாத் 2024 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 9535 என்ற இணையத் தர ஆவணமாக நெறிப்படுத்தப்பட்டது. எக்ஸ்பாத் தெரிந்தவருக்கு அது ஒரு மாலை வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எக்ஸ்பாத்தில் எண்ணிக்கை 1-ல் தொடங்கும், ஜேசன்பாத்தில் 0-ல்.